ஹெரால்டுக்கு 98 போட்ட அலுவலகத்துக்கு

அனுப்புநர்
வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றின் உரிமையாளர்,
செங்கல்பட்டு.

பெறுநர்
சலான் அனுப்பும் அலுவலர் அவர்கள்.
(குறுஞ்செய்தியில் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இப்படியே வைத்துக்கொள்வோம்.)

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே, என் கார் மணிக்கு 98 கி.மீ. வேகத்தில் பறந்ததாக வந்த சலான் – நன்றி தெரிவித்தலும் மறுத்தலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

முதற்கண் நன்றி. ஹெரால்டு 98-இல் ஓடியதாக அரசாங்கமே சொல்லிவிட்டால் பழைய கார் சந்தையில் அதன் விலை எங்கோ போய்விடும். குறுஞ்செய்தியை என் மெக்கானிக்கிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "சார், இதைப் பிரிண்ட் எடுத்துக் குடுங்க, ஷெட்ல மாட்டிக்கிறேன்" என்றார். அந்த வண்டிக்குப் பிளாட்டினம் தேய்த்து, கார்புரேட்டர் கழுவியே தலை நரைத்தவர். அவர் உழைப்பை மெச்சி இதுவரை வந்த ஒரே பாராட்டு உங்களுடையதுதான்.

வண்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வண்டலூரில் தயாரித்த கார் இது. வண்டலூர் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு வட்டம் என்பதால், சலான் உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறது. அழகாக வரைந்து கொடுத்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் 948 சி.சி. வேகம் 65-ஐத் தாண்டினால் பானெட் பேச ஆரம்பிக்கும். 75-இல் நான்கு கதவுகளும் பேச்சில் கலந்துகொள்ளும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் மனைவி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர் கொளவாய் ஏரிப் பக்கம் கூடி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் டிபன் முடித்தோம். அங்கிருந்து முட்டுக்காடு வரை கடலோரமாகப் போவதாக ஏற்பாடு. அம்பாஸடர்கள், பத்மினிகள், ஒரு ஜீப், என் ஹெரால்டு. இந்த மாதிரி ஊர்வலங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எந்த வண்டியின் ரேடியேட்டர் முதலில் கொதிக்குமோ, அதன் வேகமே எல்லோருடைய வேகமும். சாளுவன்குப்பம் புலிக்குகையைத் தாண்டும்போது மீன்கூடை கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று எங்களை முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, இரக்கத்தோடு கையசைத்தார்.

இனி கணக்கு. எனக்கு முன்னால் நாற்பதடி தூரத்தில் ஓர் அம்பாஸடர் 50-இல் போய்க்கொண்டிருந்தது. அதற்குச் சலான் இல்லை. எனக்குப் பின்னால் வந்த பத்மினிக்கும் இல்லை. நடுவில் இருந்த நான் மட்டும் 98 என்றால், எனக்கும் அந்த அம்பாஸடருக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 48 கி.மீ.; அதாவது விநாடிக்குப் பதின்மூன்று மீட்டர். நாற்பதடி என்பது பன்னிரண்டு மீட்டர். ஒரு விநாடி முடிவதற்குள் நான் அந்த அம்பாஸடரின் டிக்கிக்குள் இருந்திருக்க வேண்டும். டிக்கியைத் திறந்து பார்த்தோம். ஸ்டெப்னியும் இரண்டு கேன் தண்ணீரும்தான் இருந்தன.

நீங்கள் அனுப்பிய படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பாதையில் என் ஹெரால்டு, நம்பர் பிளேட் பளிச்சென்று. படத்தின் வலது ஓரத்தில், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் நிற வண்டியின் கால்பாகம். மீதியை யாரோ வெட்டிவிட்டார்கள், அல்லது அது வெட்டுவதற்கு முன்பே போய்விட்டது. ஞாயிறு காலையில் இந்தச் சாலையில் பல கோடி ரூபாய் கார்கள் எப்படிப் போகும் என்பது டீக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ரேடார் அலை தூரம் போகப் போக அகலும். இரண்டு வண்டிகள் ஒன்றாக அதற்குள் வந்தால், திரும்பி வந்த அலை யாருடையது என்று பிரித்தறிய வேண்டும். புதிய கருவிகள் பாதை பாதையாகப் பிரித்துவிடும் என்கிறார்கள். பிரிக்கட்டும். கோணம் பார்த்துப் பொருத்தி, அவ்வப்போது சோதித்தும் இருந்தால்.

இங்கேதான் சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு மனிதக் கண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே ஒரு சாட்சி "இவர் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று சொன்னால் மட்டும் தண்டனை கிடையாது. அந்தக் கணிப்பு ஒரு கருவியை வைத்துச் செய்ததாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தக் கருவியை யார் சோதித்தார்கள் என்று கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கும் அம்மாவின் தராசைப் பாருங்கள். காலாகாலத்தில் அதற்கு முத்திரை போட்டாக வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் திடீரென்று வருவார்கள். முத்திரை இல்லையென்றால் தராசு போய்விடும், அபராதமும் விழும். கால் கிலோ கத்தரிக்காய்க்கே இந்தக் காவல். வண்டியின் வேகத்தை அளக்கும் ரேடாரும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் தனியாக எழுதி, நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள் 2025 ஜூலை 1. அந்த அம்மா என்னைவிடப் பொறுமைசாலி. "உன் மிஷினுக்கு முத்திரை இருக்கா?" என்று அவர் ஒரு நாளும் உங்களைத் திருப்பிக் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

2021-இல் மத்திய அரசு இரண்டு விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தது. ஜூலையில், ஐம்பது வயது தாண்டிய கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யும் விதி. ஆகஸ்ட் 11-இல், கேமராவால் அபராதம் விதிக்கும் 167ஏ விதி. முதலாவது என் வண்டிக்கு, இரண்டாவது உங்கள் கேமராவுக்கு. அந்த 167ஏ சொன்னது இது: கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு போக வேண்டும், தெளிவான படம், கருவி காட்டிய அளவு, மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்று ஆகியவை உடன் இருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஒரு லிங்க்கும், கால் மஞ்சள் வண்டியும்.

பலகையைத் தேடி மறுபடி அந்த இடத்துக்குப் போனேன். சலானில் "அனுமதிக்கப்பட்ட வேகம் 60" என்று இருந்தது. மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பு, நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு 100. அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. சென்னை நகரத்தில் 2023 ஜூனில் 40-ஐத் தாண்டியவர்களுக்கு அபராதம் என்றார்கள். ஊர் கூச்சல் போட்டது. நவம்பரில் அதே நகரத்தில் கார்களுக்கு 60 ஆனது. ஆக, எந்தச் சாலையில் எந்த மாதம் எத்தனை என்பதை ஓட்டுநர் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியாது. அதனால்தான் மாநிலம் வேகத்தைக் குறைத்தால் பலகை நட வேண்டும் என்று 112-ஆவது பிரிவு சொல்கிறது. பலகை நட்டுத்தான் இருக்கிறது. அதன்மேல் காதணி விழா பிளெக்ஸ் ஒன்று சாய்ந்திருக்கிறது. தாய்மாமன் பெயர் முழுதாகத் தெரிகிறது. 60-இல் பூஜ்யம் மட்டும் தெரிகிறது.

கேமராவைக் கழற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோவளத்திலும் திருவிடந்தையிலும் வடநெம்மேலியிலும் பள்ளிப் பிள்ளைகளும் மீன் விற்பவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சாலையைக் கடக்கிறார்கள். இன்னும் நாலு கேமரா வைத்தாலும் மகிழ்ச்சியே. ஆனால் மஞ்சள் வண்டிக்குப் பதிலாக ஹெரால்டுக்குச் சலான் போகும்போது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை. மஞ்சள் வண்டிக்காரர் அடுத்த ஞாயிறும் வருவார்.

"ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போங்களேன்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மறுத்து வழக்காடினால் வக்கீல், வாய்தா, அரை நாள் விடுப்பு என்று அதைவிட அதிகமாகப் போய்விடும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்குத்தான். அந்தக் கணக்கு சரியாக இருக்கும்வரை யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

எனவே, வெட்டாத முழுப் படத்தையும், அந்தக் கருவியின் ஒப்புதல் சான்றிதழையும், கடைசியாக முத்திரை வைத்த தேதியையும் எனக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் சரியாக இருந்தால் அன்றைக்கே பணம் கட்டுகிறேன். இல்லையென்றால் சலானை ரத்து செய்து, அந்த மஞ்சள் வண்டியைத் தேடிப் பிடியுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்வரை அந்த ஆயிரம் ரூபாய் என் சட்டைப்பையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஹெரால்டுக்காரர்.