வாளையாரில் வரி கட்டாத மெட்டு

1956 நவம்பர் 1-ஆம் தேதி தென்னிந்தியாவில் ஒரு பெரிய பாகப்பிரிவினை நடந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு துண்டும் நமக்கு வந்தன. தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அதுவரை சென்னை மாநிலத்தோடு ஒட்டிக்கிடந்த மலபார் மாவட்டமும், அதிலிருந்த பாலக்காடும் அவர்கள் பங்கில் விழுந்தன. எல்லைத் தமிழர்களுக்காகப் போராடிய நேசமணி கொதித்தார். குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராஜர் சொல்லிவிட்டதாக ஊர் இன்றுவரை அவர்மேல் பழி போடுகிறது.

தேயிலை யாருக்கு, ஏலக்காய் யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்று மல்லுக்கு நின்றவர்கள், பாட்டு யாருக்கு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வில்லங்கமாகியிருக்கும். ஏனென்றால் கோடம்பாக்கத்தின் பெரிய ஹார்மோனியம் ஒன்று எலப்புள்ளிக்காரர் கையில் இருந்தது.

எலப்புள்ளி பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிற கிராமம். மனையங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன் 1928 ஜூன் 24-ஆம் தேதி அங்கே பிறந்தபோது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே அவர் பிறப்பால் கேரளத்தவரா, தமிழ்நாட்டவரா என்று யாராவது சட்டம் பேசினால், அவர் பிறந்த அன்றைக்கு இரண்டு மாநிலமுமே பிறக்கவில்லை என்பதுதான் பதில்.

சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். வறுமை தாங்காத அம்மா பிள்ளையோடு உயிரை விடத் துணிந்ததாகவும், தாத்தா வந்து காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். அந்தத் தாத்தா கண்ணூர் ஜெயிலில் வார்டன். அவர் பொறுப்பில் இருந்த கைதிகள் ஒழுங்காக உள்ளே இருந்தார்கள். வீட்டில் இருந்த பேரன்தான் பள்ளிக்கூடத்திலிருந்து தப்பித்துக்கொண்டே இருந்தான். அவன் ஓடிப்போய் நின்ற இடம் நீலகண்ட பாகவதர் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வீடு. மற்ற நேரத்தில் சினிமாக் கொட்டகையில் தின்பண்டத் தட்டைத் தூக்கிக்கொண்டு வியாபாரம். டிக்கெட் வாங்காமல் தினமும் எல்லாக் காட்சிக்கும் பாட்டுக் கேட்க, அந்தக் காலத்தில் அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏதோ யோசனையில் பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி விட்டிருக்கிறது. கோயம்புத்தூருக்குக் காற்று வருவது அந்தக் கணவாய் வழியாகத்தான். காற்றோடு இந்தப் பையனும் வந்தான், நடிகனாகிவிடும் உத்தேசத்தோடு. அப்போது ஜூபிடர் பிக்சர்ஸ் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நடிப்பு சரிப்பட்டு வரவில்லை. எடுபிடி வேலை கிடைத்தது. காபி வாங்கி வா, டம்ளரைக் கழுவு, ஹார்மோனியத்தைத் துடை. துடைக்கிற சாக்கில் வாசித்தும் பார்த்தான்.

அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. 'அபிமன்யு' (1948) படத்துக்கு ஒரு மெட்டு பிடிபடாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம், எடுபிடிப் பையன் யாருமில்லாதபோது ஹார்மோனியத்தில் ஒரு மெட்டைப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தானாம். நாயுடு கேட்டார், எடுத்துக்கொண்டார், தன் பெயரிலேயே படத்தில் சேர்த்தும் விட்டார். திருட்டு என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காபி டம்ளர் கழுவுகிற பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் முதலாளி நிராகரித்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். ஜூபிடர் கோவையைக் காலி செய்துகொண்டு சென்னைக்குக் கிளம்பியபோது அவரே முதலாளியிடம் போய், நீங்கள் மெச்சிய மெட்டு இவனுடையது, இவனை விட்டுவிடாதீர்கள் என்று உண்மையைச் சொல்லி அனுப்பிவைத்தார். சினிமா வரலாற்றில் அடுத்தவன் மெட்டைத் திருப்பிக் கொடுத்த ஆட்கள் மிகக் குறைவு. நாயுடுவுக்குச் சிலையே வைக்கலாம்.

ஆனாலும் காபி டம்ளர் சென்னைவரை துரத்தியது. 'ஜெனோவா' (1953) படத்துக்கு இசையமைத்தவர்களில் விஸ்வநாதனும் ஒருவர் என்று கேள்விப்பட்டதும், ஜூபிடரில் காபி கொடுத்துக்கொண்டிருந்த பையனா என்று எம்.ஜி.ஆர். ஆட்சேபித்தாராம். பிறகு பாட்டைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்து பாராட்டினார் என்பது கோடம்பாக்கம் சொல்லும் மீதிக் கதை. ஆட்சேபித்தவரின் பூர்வீகம் பாலக்காட்டு வடவன்னூர். ஆட்சேபிக்கப்பட்டவர் எலப்புள்ளி. ஒரு தமிழ்ப் படத்தின் கதாநாயகனும் இசையமைப்பாளரும் பாலக்காட்டுக்காரர்களாக இருந்து, தமிழ் ரசிகனுக்காகத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த எல்லைக் கமிஷன் இதைக் கணக்கில் எடுத்தது?

இதற்கிடையில் 1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் இளம் வயதிலேயே காலமானார். அவரிடம் இருந்த விஸ்வநாதனும் வயலின் வாசித்த டி.கே. ராமமூர்த்தியும் குரு பாதியில் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தார்கள். கலைவாணர் என்.எஸ்.கே. 'பணம்' படத்துக்கு இருவரையும் ஜோடி சேர்த்தார். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் பெயர்ப்பலகையில் சின்னவர் முன்னால், பெரியவர் பின்னால். பின்னால் நிற்பவர்தான் விழாமல் தாங்குவார் என்று கலைவாணர் சமாதானம் சொன்னதாகக் கேள்வி. பதின்மூன்று வருஷம் தாங்கினார். 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்துவிட்டார்கள்.

அந்தப் பதின்மூன்று வருஷத்தில் தமிழ்ப் பாட்டு பஞ்சகச்சத்தை அவிழ்த்துவிட்டு பேன்ட் போட்டுக்கொண்டது. அதற்கு முன் கதாநாயகன் காதலைச் சொல்லவேண்டுமென்றால் ஆலாபனை முடியும்வரை கதாநாயகி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி வந்தபிறகு பியானோ வந்தது, அக்கார்டியன் வந்தது, பாங்கோஸ் வந்தது, விசில்கூட வந்தது. 1963-இல் திருவல்லிக்கேணியில் விழா வைத்து மெல்லிசை மன்னர்கள் என்று இருவருக்கும் பட்டம் கொடுத்தார்கள். மறு வருஷமே 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்' என்று வரிசையாக வந்தன. பட்டம் வாங்கியபிறகு வேலை செய்வதை நிறுத்தாத தமிழ்நாட்டுக் கலைஞர்கள் என்று இதையும் தனியாகக் குறித்துவைக்கலாம்.

எம்.எஸ்.வி. எப்படிப்பட்ட பாப் நட்சத்திரம் என்று பார்க்க ஆசையிருந்தால் 'சர்வர் சுந்தர'த்தில் அந்த ஒலிப்பதிவுக் கூடப் பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். நாகேஷ் ஆடுகிறார், டி.எம்.எஸ். மைக் முன்னால் நிற்கிறார். நடுவில் விஸ்வநாதன் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையை வீசி நடத்துகிறார். பாட்டு துள்ளுகிற துள்ளலுக்கு அந்த மனிதர் மேனாட்டு உடையில் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு நிற்கவேண்டும். ஆனால் எம்.எஸ்.வி. என்றாலே ஊருக்கு நினைவிருப்பது நெற்றியில் விபூதி குங்குமம், வெள்ளை உடை, முருகா முருகா. லிவர்பூலில் நான்கு பேர் கிராப்பு வளர்த்துச் செய்ததை இவர் விபூதி பூசிக்கொண்டே செய்தார்.

பாடவும் செய்தார். அந்தக் குரலை இனிமை என்று யாரும் சொன்னதில்லை. கதாநாயகன் காதலித்தால் டி.எம்.எஸ்., கொஞ்சினால் பி.பி. ஸ்ரீனிவாஸ், வாழ்க்கை வெறுத்துப்போய் நடந்தால் எம்.எஸ்.வி. என்று ஒரு வேலைப் பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது. 'முகமது பின் துக்ளக்' (1971), 'சொல்லத்தான் நினைக்கிறேன்' (1973) என்று அந்த உச்சஸ்தாயி ஊர் முழுக்கக் கேட்டது. அதே 1973-இல் 'பணிதீராத்த வீடு' என்ற மலையாளப் படத்துக்கும் இசையமைத்துப் பாடினார். கேரளம் உருகிப்போனது. நம் வீட்டுப் பிள்ளையல்லவா என்று அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை தமிழ்நாட்டில் இருபது வருஷம் குடும்பம் நடத்திவிட்டிருந்தது.

உச்சம் 1979. கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்'. மேடைப் பாட்டுக் குழு ஒன்று சிங்கப்பூர் போகிற கதை. பாட்டுக்கொரு மேடை, மேடைக்கொரு கிடார். அதில் ரஜினிகாந்த் வாயசைக்க ஒரு குரல் வேண்டியிருந்தது. ஸ்டைலான இளைஞனுக்கு எப்படிப்பட்ட குரல் கொடுப்பார்கள்? 50 வயது எம்.எஸ்.வி. தானே பாடினார். சிவபெருமானைக் கூப்பிட்டுக்கொண்டே தத்துவம் பேசும் பாட்டு அது. தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் அதைத் தூக்கிக்கொண்டாடின.

இப்போது கணவாயை விட்டுவிட்டு மலையோடு தெற்கே போகவேண்டும். அங்கேயும் ஒரு கோளாறு நடந்திருக்கிறது.

1957-இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 126 இடங்களில் அவர்களுக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் ஐந்து பேர். யாராவது தும்மினால் அரசு ஆடும். அந்த நேரத்தில் தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் மலையாளத்தில் மார்க்சியம் பேசினால் தேயிலைதான் வாடும்.

கட்சி மலையிறங்கி ஒரு குரலைப் பிடித்துவந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். அவருடைய அப்பா எஸ்டேட் கங்காணியாக இருந்தவர். பாவலர் சினிமா மெட்டை எடுப்பார், காதல் வரியைக் கழற்றுவார், கூலி உயர்வை மாட்டுவார். நேற்றுவரை கதாநாயகி வந்துபோன மெட்டில் இன்று கருக்கரிவாள் மின்னும். அன்றைய மலைத்தோட்டங்களுக்கு பாப் நட்சத்திரம் அவர்தான். டிக்கெட் இல்லை, வாக்கு மட்டும் போட்டால் போதும். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பங்குண்டு என்று முதலமைச்சர் இ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்வார்கள்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தமிழ்நாடு கோட்டைவிட்ட மண்ணில், தமிழ்த் தொழிலாளர்கள், தமிழ் சினிமா மெட்டைக் கேட்டு, கேரள அரசைத் தாங்கிப் பிடித்தார்கள்.

பாவலரின் கச்சேரியில் பிற்பாடு தம்பி ராசையா சேர்ந்தார். குரல் உடைகிற வயதுவரை பெண்குரல் அவர் பொறுப்பு. அப்புறம் ஹார்மோனியம். அந்தத் தம்பி 1960களின் இறுதியில் சென்னைக்கு ரயிலேறி, 1976-இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜாவானது உங்களுக்குத் தெரியும். 1986-இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் எம்.எஸ்.வி. மெட்டுப் போட, இளையராஜா வாத்தியக் கோர்ப்பைச் செய்தார். ஒருவர் பாலக்காட்டுக் கணவாயில் வாளையார் எல்லை வழியாக வந்தவர், இன்னொருவர் போடிமெட்டுக்குக் கீழேயிருந்து வந்தவர். வழக்கமாக இந்த மாதிரி சந்திப்பில் யார் நாற்காலியில் யார் உட்காருவது என்று தகராறு வரும். இவர்களோ இரண்டு பேருமாகச் சேர்ந்து படத்தை ஜெயிக்க வைத்தார்கள்.

விருதுக் கதைக்கு நேரம் வீணாக்கவேண்டாம். எம்.எஸ்.வி.க்குப் பத்ம விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கேரளக்காரர்தானே, அவர்கள் சிபாரிசு செய்யட்டும் என்று சென்னையும், தமிழ்நாட்டுக்காரர்தானே, அவர்கள் செய்யட்டும் என்று திருவனந்தபுரமும் இருந்துவிட்டன என்பது என் சொந்தக் குசும்பு. 2012-இல் தமிழக அரசு அவரையும் ராமமூர்த்தியையும் சேர்த்து நிறுத்தி, பட்டமும் பொற்காசும் காரும் கொடுத்தது. மறு வருஷம் ராமமூர்த்தி போனார். 2015 ஜூலை 14-ஆம் தேதி விஸ்வநாதனும் போனார்.

டில்லி கொடுக்காத விருதைத் தமிழ்நாடு வேறு விதமாகத் தினசரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1970-இல் கலைஞர் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாக்களுக்கு உரிய பாடலாக்கியபோது மெட்டுப் போடும் வேலையை எம்.எஸ்.வி.யிடம்தான் கொடுத்தது. மோகனத்தில் போட்டார். எழுதிய மனோன்மணீயம் சுந்தரனார் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். மெட்டு எலப்புள்ளி. பாடிய டி.எம். சௌந்தரராஜனுக்கு வீட்டு மொழி சௌராஷ்டிரம், பி. சுசீலாவுக்குத் தெலுங்கு.

வந்தேறிகளை எல்லையில் கொண்டுபோய் விடவேண்டும் என்று முழங்கப்போகிற பேச்சாளர் மேடைக்கு வந்ததும் முதலில் செய்வது என்ன? அந்தப் பாட்டுக்கு எழுந்து நெட்டுக்குத்தாக நிற்பது. சரியாக 55 விநாடி. அதுவரை முழங்க முடியாது. எழுந்து நிற்கச் சொல்வது அரசாணை.