கேக்குதா?

எங்கள் சித்தப்பாவின் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ராமநாதபுரத்தை விட்டு வண்டி கிளம்பிய ஐந்தாவது நிமிடம், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "கேக்குதா?" என்பார். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் அன்று முழுக்க நம்மிடம் வண்டி விஷயமே பேசமாட்டார். அதைத் தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஆமா சித்தப்பா, முன்னாடி இடதுபக்கம்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டால் பாஸ். அவ்வளவு பழைய ஜீப்பில் எந்தப் பக்கம் சொன்னாலும் பிசகாது.

ஊருக்கு நாலு பேராவது இந்த ஜாதி உண்டு. ரிட்டயரானவுடன் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இவர்கள் ஏலத்தில் ஒரு ஜீப் எடுப்பார்கள். சித்தப்பாவுடையது மகிந்திரா எம்எம் 540. "பியூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேரன் பிறந்த தேதி வேண்டுமென்றால் சித்தியைத்தான் கேட்கவேண்டும்.

அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை, நல்ல ரோடு போட்டுவிட்டார்கள் என்பது. 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி தனுஷ்கோடிக்குப் போக மணல்தான் வழி. வேனும் ஜீப்பும் கடலோரச் சேற்றில் முக்கி முனகிப் போகும். அந்த ஆண்டு அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குத் தார் ரோடு திறந்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. சித்தப்பா மட்டும், "இனி ஸ்கூட்டர்காரன்கூட போவான்" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு வாய்த்தது அரியமான் கடற்கரை. போன மாசி மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டயரில் காற்றை 30-லிருந்து 18-க்கு இறக்கினார். அப்போதுதான் டயர் ஒட்டகப் பாதம் மாதிரி விரிந்து மணலில் அமுங்காமல் போகும். ஃபோர்வீல் லீவரைப் போட்டார், மீசையைத் தடவினார், கிளட்சை விட்டார். வண்டி நின்ற இடத்திலேயே அச்சு வரை குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தது. பத்து நிமிடம் இன்ஜினைத் திட்டினார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து முன்சக்கரத்தைக் காட்டி, "ஹப்பு லாக்கு போடலையே அண்ணே" என்றார். முன்சக்கர நடுவில் உள்ள திருகைக் கையால் திருப்பினால்தான் உள்ளே சுற்றுகிற அச்சு சக்கரத்தைப் பிடிக்கும். இல்லையென்றால் ஃபோர்வீல் என்பது சும்மா பேருக்குத்தான். "போட்டேன்… லூசாயிருச்சு போல" என்றார் சித்தப்பா. வலைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

ஆனால் இந்த ஜாதிக்காரர்களுக்கு மணலில் ஓட்டுவது ஒரு சாக்குதான். நிஜமான திருவிழா வீடு திரும்பியதும் தொடங்கும். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துவிட்டால் அவர் முகத்தில் தெரியும் அமைதியை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு டாக்டர் மாதிரி கேட்பார். புறங்கையால் ஒவ்வொரு ஹப்பாகத் தொட்டுச் சூடு பார்ப்பார். அடியில் சொட்டுகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு இல்லை. ரேடியேட்டர்" என்று தீர்ப்பு சொல்வார்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர்தான். அன்று மணலிலிருந்து தார் ரோட்டுக்கு வந்தபிறகு ஃபோர்வீல் லீவர் கழலாமல் இறுகிக்கொண்டது. நான் பயந்துபோனேன். அவர் நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தார், 'டொக்' என்று கழன்றது. வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக ஓடும். மணலில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் சறுக்க முடியாமல் அந்த முறுக்கு பிழிந்த ஈரத்துணி மாதிரி உள்ளேயே நின்றுவிடும். பின்னால் போனால் முறுக்கு அவிழும். பின் அச்சின் கிரவுன் பெட்டியில் ஆயிலைத் திறந்தபோது அது பால் டீ நிறத்தில் வந்ததற்கும் கணக்கு வைத்திருந்தார். ஓடிச் சூடான அந்தப் பெட்டியைக் கடல்தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே மூச்சுவிடுகிற சின்னக் குழாய் மணலால் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கவிழ்த்துவைத்த சூடான டம்ளர் உறிஞ்சுகிற மாதிரி. மூன்று தடவை ஆயில் மாற்றினார். "இந்த எண்ணெய்க் காசுக்கு ஒரு வருசம் வடை சுட்டிருக்கலாம்" என்றார் சித்தி, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

அவரைக் கவிழ்த்தது ஸ்டியரிங் ஆட்டம்தான். அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. முதல் வாரம் கிங்பின் பேரிங் என்றார், மாற்றினார். இரண்டாம் வாரம் டை ராடு எண்டு. மூன்றாம் வாரம் ஸ்டியரிங் பாக்ஸையே இறக்கினார். ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் முகத்திலோ நாளுக்கு நாள் பொலிவு கூடிக்கொண்டு போனது. கடைசியில் வேறு வழியில்லாமல்தான் பட்டறை பாயிடம் போனோம்.

பாய் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பீச்சுக்குப் போனீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து, முன்சக்கரத்தின் உட்பக்கம் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். ஈர மணலும் ஹப்பில் கசிந்த கிரீசும் சேர்ந்து ரிம்முக்குள் காய்ந்துகிடந்த கட்டி, உளுந்துவடை அளவில் பொத்தென்று விழுந்தது. அடுத்த சக்கரத்திலும் ஒன்று. "ஒருபக்கம் வெயிட் ஏறினா சக்கரம் ஆடத்தானே செய்யும்" என்றார். காசு வாங்கவில்லை. அது சித்தப்பாவுக்கு இன்னும் வலித்தது.

திரும்பி வரும்போது வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அறுபது, அறுபத்தைந்து. ஆட்டம் இல்லை, கடகடப்பு இல்லை. சித்தப்பா பேசவே இல்லை. அச்சுந்தன்வயல் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, தலையைச் சாய்த்தார்.

"கேக்குதா?"

நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். "ஒண்ணும் கேக்கலையே சித்தப்பா."

"அதான். ஏன் கேக்கல?" என்று சாக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.