காக்கி போடாத போலீஸ்

எப்போதும்வென்றான் ஊர் டீக்கடையில் எந்தப் பள்ளிக்கூடத் தகராறுக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "ஸ்டேஷன்ல ஒரு நாள் உக்கார வச்சா சரியாப் போவான்." அடித்தது தன் மகன் என்றால் மட்டும், "சின்னப் பயலுக, வெளையாட்டுக்கு அடிச்சுக்கிட்டானுக."

இப்படித் தீர்ப்புச் சொல்பவருக்குச் சட்டம் ஒத்துழைப்பதில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களும் கூட்டுச் சேர்ந்ததாகவோ இருந்தாலொழிய எஃப்ஐஆர் கிடையாது. ஸ்டேஷன் டைரியில் ஒரு பதிவு, வீட்டுச் சூழல் பற்றி ஓர் அறிக்கை, அவ்வளவே. லாக்கப் கூடாது, விலங்கு கூடாது. வரும் போலீஸ்காரரும் கூடியவரை காக்கி போடாமல் வரவேண்டும். மிரட்டுவதற்கென்றே கூப்பிட்ட ஆள் கட்டம்போட்ட சட்டையில் வந்து நின்றால் தலைமையாசிரியர் என்னதான் செய்வார், பாவம்!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதித் தொல்லை பற்றிப் பள்ளியில் புகார் சொன்ன தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. போலீஸ் வந்தது, வரத்தான் வேண்டும். அரிவாளுக்கு முந்தைய மாதங்களில் வரவேண்டியவர்கள் வாத்தியார்கள்.

அதன்பின் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு வேண்டாம் என்றது. கயிற்றுக்கு எதிராக 2019-லேயே சுற்றறிக்கை போயிருந்தது. தனக்குத் தெரியாமல் போனதாக அன்றைய கல்வி அமைச்சர் கைவிரித்தார். அந்தக் கயிற்றைப் பையனுக்குக் கட்டிவிட்டது யாரென்று விசாரித்தால், பெரியவர்கள் கூட்டுச் சேர்ந்த கேஸாகிவிடும். எஃப்ஐஆர் போட விதியில் இடம் தாராளமாக இருக்கிறது.