பூங்கா வளர்க்கும் விருந்து

1845இல் ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அதுதான் பின்னாளில் தாவரவியல் பூங்காவானது. விவரமில்லாதவர்கள், வசூலைச் செடிக்கே செலவழித்துவிட்டார்கள்!

நம்மூர் சாமளாபுரத்தில் குளக்கரையில் பூங்கா அமைக்க நாம் நிதி திரட்டினால் அப்படி ஏமாறக் கூடாது. அதற்கு ஆண்டு விழா நடத்துவதுதான் சரி. பனியன் கம்பெனி முதலாளிகளுக்குப் பொன்னாடை, பூங்கொத்து. மேடைக்குப் பின்னால் முப்பதடி ஃப்ளெக்ஸில் பச்சைப் பசேலென்று தோப்பு. தண்ணீர் கேட்காது, இலை உதிர்க்காது. ஃப்ளெக்ஸை மறைக்கும் வேப்பமரத்தை மட்டும் வெட்டிவிடலாம். எல்லாம் பசுமைக்காகத்தானே!

பந்தல், பந்தி, மைக்செட் போக மிஞ்சும் பணத்தில் ஒரு புங்கங்கன்று வாங்கலாம். நட்டால் கார் நிறுத்த இடமிருக்காது; சிறப்பு விருந்தினருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடலாம்.

பூங்கா எங்கே என்று கேட்பவர்கள் அடுத்த ஆண்டு விழாவுக்கு இப்போதே நன்கொடைச் சீட்டு வாங்கிக்கொள்ளவும்.