முன்பெட்டிக்காரர்

பொம்மிடி ரயில் நிலையத்தில் நிற்காமல் போகிற வண்டிகள் பல. நிற்கிற வண்டிகளும் ஓரிரு நிமிஷங்களுக்கு மேல் நிற்பதில்லை. நமக்குரிய பெட்டி எஞ்சினுக்கு அருகில் வருமா, கடைசியில் வருமா என்று பிளாட்பாரத்தில் எழுகிற வாதம் தீருவதற்குள்ளேயே வண்டி வந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் நகரத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சொற்ப அவகாசத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு கூடை மாம்பழம், கூஜா, குடை, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி இவ்வளவையும் உள்ளே ஏற்றிவிட வேண்டுமென்றால், அதற்குப் பட்டாளத்துப் பயிற்சி வேண்டும். 1856-இல் ராயபுரத்தில் தொடங்கி 1862-இல் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரை எட்டிய பழைய சென்னை ரயில்வே, சேர்வராயன் மலையடிவாரத்து ஜனங்களுக்கு எத்தனையோ சௌகரியங்களைச் செய்து கொடுத்தது. கூடவே இந்தச் சங்கடத்தையும் கொடுத்தது. இந்தச் சங்கடத்தின் வயிற்றில் பிறந்தவரே, ஜோலார்ப்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் ஊருக்கு ஒருவராக விளங்கும் முன்பெட்டிக்காரர். பிரயாணம் புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே தம் சாமான்களைப் போகிற ஊரின் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, தாம் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு போவதே புருஷ லட்சணம் என்று கருதுகிறவர் அவர்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஏதோ ஓர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அது எந்த உத்தியோகம் என்பது முக்கியமில்லை, அதில் ரசீதுகள் அதிகம் என்பதே முக்கியம். கடைத்தெருவில் அவர் நடந்து வரும்போது இளைஞர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிறார்கள். உட்கார்ந்திருந்தால் ஏதாவதொரு மூட்டையைத் தலையில் ஏற்றிவிடுவார் என்ற முன்ஜாக்கிரதையும் அந்த மரியாதையில் கலந்திருக்கிறது. தேகம் வேறு, ஆத்மா வேறு என்று சொல்லி அத்துடன் நின்றுவிட்ட வேதாந்திகளைக் காட்டிலும் ஒரு படி மேலே சென்று, ஆத்மா வேறு, தேகம் வேறு, சாமான் வேறு என்ற மூன்று தத்துவங்களை அவர் ஸ்தாபித்திருக்கிறார். முதல் இரண்டும் பிரிவதற்குக் காலம் வரவேண்டும். மூன்றாவதைப் பிரிப்பதற்கு லாரி வந்தால் போதும்.

ரயில்வே விதிகளில் அவருக்குள்ள பாண்டித்தியம் அபாரமானது. குளிர்சாதன முதல் வகுப்புப் பிரயாணி 70 கிலோ வரையிலும், இரண்டடுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்காரர் 50 கிலோவும், மூன்றடுக்கும் சாதாரணப் படுக்கை வசதியும் கொண்ட பெட்டிக்காரர்கள் 40 கிலோவும், இரண்டாம் வகுப்புக்காரர் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்ற அட்டவணையை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பிப்பார். நூறு சென்டிமீட்டர் நீளமும் அறுபது அகலமும் இருபத்தைந்து உயரமும் உள்ள டிரங்குப் பெட்டிதான் பிரயாணியோடு வரலாம் என்பதும், அதைவிடப் பெரியது பிரேக் வேனில்தான் போகவேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். அவருடைய பெட்டி அந்த அளவைவிட எப்போதும் இரண்டு விரற்கடை பெரிதாகவே இருக்கும். சின்னப் பெட்டி வாங்கியிருந்தால் விதி தெரிந்தவர் என்பதை உலகத்துக்கு எப்படி நிரூபிப்பது?

லக்கேஜ் என்பது ஒன்று, பார்சல் என்பது மற்றொன்று என்ற பேதத்தை அவர் விளக்க ஆரம்பித்தால் கேட்பவர் தாம் போகவேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார். லக்கேஜ் என்பது டிக்கெட்டோடு பதிவாகி, பிரயாணி போகிற வண்டியிலேயே பிரேக் வேனில் போவது. வண்டி புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பாவது அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். பார்சலுக்கோ பிரயாணியே தேவையில்லை. அது சுதந்திரமானது, அனுப்புகிறவர் வீட்டில் மோர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது வேறு ஜில்லாவில் இருக்கும். ஆகையால் முன்பெட்டிக்காரரின் பக்தி முழுவதும் பார்சல் மேலேதான். பதிவு செய்து ரசீது கொடுக்காத லக்கேஜுக்கு ரயில்வே நிர்வாகம் ஜவாப்தாரியல்ல என்று 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு கூறுகிறதே, அந்தப் பிரிவை அவர் பிள்ளையார் சுலோகத்துக்கு அடுத்தபடியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரித்திரமும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் மதராஸ் சர்க்கார் கோடைதோறும் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்ததல்லவா? மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டுவதற்கு முன்னால், அத்தனை சாமான்களும் மாட்டு வண்டியில்தானே மலை ஏறியிருக்க வேண்டும்? “சர்க்காரே பெட்டியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போய்த்தான் ராஜ்யபாரம் பண்ணியிருக்கிறது” என்று அவர் முடிக்கும்போது, மாகாணத்தை ஆண்டது கவர்னரா, பெட்டியா என்ற ஐயம் நமக்கே வந்துவிடும். கப்பலில் சீமைக்குப் போனவர்கள், பிரயாணத்தில் வேண்டியது, பிரயாணத்தில் வேண்டாதது என்று பெட்டிகளின் மேல் இருவகைச் சீட்டு ஒட்டி, வேண்டாததைக் கப்பலின் அடித்தளத்துக்கு அனுப்பிய வழக்கத்தையும் அவர் சொல்லுவார். அவர் வீட்டுப் பெட்டிகளில் இந்த இரண்டாவது வகையே அதிகம் என்பது அவருடைய மனைவியின் அபிப்பிராயம்.

ஓய்வெடுக்கப் போகவேண்டிய மலை பொம்மிடிக்காரருக்கு எது? வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே சேர்வராயன் மலையைப் பார்க்கலாம்; அதன் மேலேதான் ஏற்காடு இருக்கிறது; குளிர் இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஓட்டல்கள் இருக்கின்றன. ஆனால் முன்பெட்டிக்காரர் ஏற்காட்டுக்குப் போவதில்லை. காரணம் வெளிப்படை: பெட்டியை முன்னால் அனுப்புவதற்கு ஏற்ற தூரம் அங்கே இல்லை. காலையில் அனுப்பிய பெட்டியும் மத்தியானம் கிளம்பிய மனிதரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த ஏற்பாட்டில் என்ன பெருமை இருக்கிறது? ஆகவே வருஷந்தோறும் சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் அவர் உதகமண்டலத்துக்கே போகிறார்.

புறப்பாட்டுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் கோணி ஊசியும் சணலும் தலைகாட்டும். பெட்டியைச் சாக்கில் வைத்துத் தைத்து, நான்கு பக்கமும் விலாசம் எழுதி, இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடவேண்டும். தைப்பவர் பக்கத்துத் தெருவிலிருந்து வரவழைக்கப்பட்ட தம்பி மகன்; விலாசம் எழுதுபவள் கையெழுத்து நன்றாயிருக்கும் குற்றத்துக்காகப் பிடிபட்ட பேத்தி; தூக்குகிறவர் மருமகன். முன்பெட்டிக்காரர் செய்வது மேற்பார்வை. பெட்டி தைத்து முடிந்த பிறகுதான் கம்பளிச் சட்டை வெளியே கிடப்பது கண்ணில் படும், தையல் பிரிக்கப்படும். இரண்டாம் முறை தைத்த பிறகு மூக்குக் கண்ணாடி உள்ளே போய்விட்டது தெரியவரும். மருமகன் ஒரு நாள் லீவு போட்டு, மினி வேன் பிடித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து லாரி பார்சல் ஆபீசில் பெட்டியை இறக்கி, ரசீது வாங்கிக்கொண்டு இரவு வீடு திரும்புவார். “ரசீதில் டூ பே என்று போட்டிருக்கிறதா?” என்பதே மாமனார் கேட்கும் முதல் கேள்வி. சாப்பிட்டீர்களா என்பது மாமியார் கேட்பது.

டூ பே என்றால், கூலியைப் பெட்டி போய்ச் சேருகிற இடத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்று அர்த்தம். பெட்டி போய்ச் சேருகிற இடம் ஓட்டல். ஆகவே மூன்றாம் நாள் தொலைபேசி ஒலிக்கும்.

“சார், நீங்க இன்னும் வரலை, உங்க பெட்டி வந்திருக்கு. லாரி ஆபீஸ்காரர் வாசல்ல நின்னு பணம் கேக்கிறார். யார் குடுக்கிறது?”

“கொடுத்து அனுப்புங்க தம்பி, ரூம் பில்லோட சேத்துக்கலாம். பெட்டியை மேல் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வைங்க.”

“எது சார் மேல் பக்கம்? நாலு பக்கமும் அம்பு போட்டிருக்கே!”

பேத்தியின் சிரத்தை அப்படிப்பட்டது.

இங்கே ஜப்பான் தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. அந்தத் தேசத்தைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லிவிட்ட நாளிலிருந்து அவர் முகத்தில் புதிய தேஜஸ் ஏறியிருக்கிறது. யமாட்டோ என்ற கம்பெனி 1976-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் வீட்டுக்கு வீடு பொதி சேர்க்கும் சேவையைத் தொடங்கியபோது, முதல் நாள் வந்தவை 11 பொதிகளே. குட்டியை வாயில் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனை அவர்கள் சின்னம். பனிச்சறுக்குப் பலகைகளை முன்னதாக அனுப்ப 1983-இலும், கோல்ப் மட்டைகளை அனுப்ப 1984-இலும் தனித்தனி ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கு அங்கே ஓட்டல் முகப்பிலோ விமான நிலையத்திலோ பெட்டியைக் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் மறுநாளே அடுத்த ஓட்டலில் அது எஜமானருக்காகக் காத்திருக்கிறது. “பார்த்தீரா, நான் சொன்னதை ஒரு தேசமே செய்கிறது!” என்கிறார் நம்மவர்.

தேசம் செய்வதும் இவர் செய்வதும் ஒன்றல்ல என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை, வாசகர்களிடம் சொல்லலாம். சுமை எந்த ஊரிலும் மாயமாய் மறைவதில்லை, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகிறது. ஜப்பானில் அந்த மற்றொரு கைக்குச் சம்பளம் இருக்கிறது, சீருடை இருக்கிறது, இன்ன நேரத்துக்குள் சேர்ப்பேன் என்ற வாக்கு இருக்கிறது. பொம்மிடியில் அந்தக் கை மருமகனுடையது. அவருக்கு இருப்பது, பெண் கொடுத்த வீட்டார் என்ற பந்துத்துவம் ஒன்றுதான். வெறுங்கையோடு பிளாட்பாரத்தில் உலவும் ஒரு மனிதருக்குப் பின்னால் தம்பி மகன், பேத்தி, வேன் டிரைவர், லாரி கிளீனர், ஓட்டல் மேனேஜர் என்று அரை டஜன் பேர் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவரோ, கைநிறையச் சாமான்களோடு திணறும் சக பிரயாணிகளைக் கருணையோடு பார்த்து, “ஏன் இந்த அவஸ்தை? முன்னாலேயே அனுப்பிவிடக் கூடாதோ?” என்று உபதேசம் செய்கிறார்.

வண்டி வருகிறது. வெறுங்கையர் லாகவமாக ஏறுகிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஏறுகிறார். அந்த அம்மாளின் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. அந்தப் பையைப் பற்றி முன்பெட்டிக்காரரின் சித்தாந்தத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் இரண்டு நாளைக்கு வேண்டிய வேட்டி, துண்டு, ரத்த அழுத்த மாத்திரை, சீப்பு, புளிசாதப் பொட்டலம், எலுமிச்சங்காய் ஊறுகாய், மூன்றாம் முறை தையல் பிரிக்க மனமில்லாமல் விடப்பட்ட இன்னொரு கம்பளிச் சட்டை எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. ஒரு வருஷம் பெட்டி மேட்டுப்பாளையத்து ஷெட்டில் இளைப்பாறிவிட்டு, இவர்கள் ஊர் திரும்புகிற அன்றைக்கு உதகை வந்து சேர்ந்தது. அந்தப் பயணம் முழுவதும் மஞ்சள் பையின் தயவிலேயே நடந்தது. “ஏங்க, நம்ம ரெண்டு பேர் மேலயும் ஒரு சீட்டு ஒட்டி லாரியில ஏத்திவிட்டிருந்தா டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்குமே” என்று அந்த அம்மாள் அப்போது சொன்னதை, அவர் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பரிசீலித்தார் என்று கேள்வி.

திரும்பி வருகையிலும் சம்பிரதாயம் மாறுவதில்லை. உதகையிலிருந்து பெட்டி முன்னால் புறப்படும். போன கோடையில் அப்படிப் புறப்பட்ட பெட்டிக்குள், பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுச் சாவியையும் வைத்துத் தைத்துவிட்டார். தம்பதிகள் விடியற்காலையில் பொம்மிடியில் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தபோது பெட்டி எந்த ஜில்லாவில் இருந்ததோ தெரியவில்லை. அவர் திண்ணையில் அமர்ந்து, லாரி ஆபீஸ் திறக்கும் நேரத்தையும், தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்க வழியுண்டா என்பதையும் விஸ்தாரமாக ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, அந்த அம்மாள் மஞ்சள் பையைத் துழாவி மாற்றுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்க் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். இவர் உள்ளே போகவில்லை. மாற்றுச் சாவி ஒன்று இருக்கிறதென்று தம்மிடம் ஏன் தெரிவிக்கவில்லை, தெரிந்திருந்தால் அதையும் பெட்டியிலேயே வைத்திருக்கலாமே என்று வாசலிலிருந்தபடியே கேட்டார்.