ஸ்வெட்டரைக் கழட்டுங்க, பாட்டி!

ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேட்டில் ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருக்கிறது. கீழே ரோஜாவைப் படமெடுத்துச் சலித்தவர்கள் மேலே ஏறுகிறார்கள், மனிதர்களைப் படமெடுக்க. பூச்செடிக்காவது 'தொடாதீர்' என்று பலகை உண்டு.

ஏறி வந்தவர் கழுத்தில் லட்ச ரூபாய் கேமரா. உடம்பில் மூன்றடுக்கு ஜாக்கெட். வாசலில் பூவேலை செய்துகொண்டிருக்கும் மூதாட்டியிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை வணக்கம் அல்ல. "பாட்டி, ஸ்வெட்டரைக் கழட்டுங்க. போர்வை மட்டும் போதும்." அடுத்து: "அந்த செல்போனை உள்ளே வைங்க." அதற்கும் அடுத்து: "சிரிக்காதீங்க. கொஞ்சம் சோகமா பாருங்க." குளிரில் பாட்டி நடுங்கினால் கலை. இவர் நடுங்கினால் ஜலதோஷம்.

படம் இன்ஸ்டாகிராமில் ஏறும். பிறகு போட்டி, கண்காட்சி, பரிசு. படத்துக்குக் கீழே கேமராவின் பெயர் இருக்கும், லென்சின் பெயர் இருக்கும். பாட்டியின் பெயர் இருக்காது. பாட்டி நூறு ரூபாய் கேட்டுவிட்டால் போச்சு. "மலை ஜனங்களும் காசு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க சார்" என்று கீழே இறங்கும்வரை புலம்பல். இவர் படத்தை விற்றால் படைப்பு. பாட்டி கூலி கேட்டால் பேராசை.

வியாதி புதிதல்ல. 1857 கிளர்ச்சியில் அரண்டுபோன வெள்ளைக்காரன், ஆளவேண்டிய ஜனங்களை இனம் இனமாகப் படம்பிடித்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் அச்சடித்தான். 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டார். மண்டையின் மேடுபள்ளத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் 'விஞ்ஞானம்' அவருடையது. அந்த விஞ்ஞானம் செத்துவிட்டது. புத்தி சாகவில்லை. அவர் அளந்த முகத்தை நாம் ஜூம் செய்கிறோம்.

அரசாங்கம் இன்னும் பெரிய ரசிகர். சுற்றுலா விளம்பரம் என்றால் தோடர் வேண்டும். விழா என்றால் தலைவர் தோளில் பூத்துக்குளி என்ற தோடர் போர்வை வேண்டும். தலைவரும் அவர்களோடு கைகோத்து நாலு அடி ஆடுவார். கேமரா அணைந்ததும் கார் ஏறுவார். 2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. போர்வைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. போர்த்தியிருப்பவருக்கு? அவருடைய எருமைகள் மேய்ந்த புல்வெளியில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டதே வனத்துறைதான். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி இப்போது நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் நிலம் காணாமல் போனதை யாரும் கண்காட்சியாக வைக்கவில்லை. சீகை மரத்துக்குப் பாரம்பரிய உடை இல்லையே!

பாரம்பரிய உடைதான் வேண்டுமென்றால் ஊட்டிவரை போவானேன்? காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவில் நில்லுங்கள். நைட்டி. மேலே துண்டு. கையில் பால் பாக்கெட். சாதி, மதம், கட்சி கடந்து தமிழகம் ஏற்றுக்கொண்ட ஒரே சீருடை. ஒரு தோடர் இளைஞர் கேமராவோடு சென்னை அடுக்குமாடி ஒன்றில் நுழைந்து, "அக்கா, பால் பாக்கெட்டோட அப்படியே நில்லுங்க, கொஞ்சம் சோகமா" என்று சொல்லிப் பார்க்கட்டும். வாட்ச்மேன் வருவார். சங்கச் செயலாளர் வருவார். வாட்ஸ்அப் குழு கொதிக்கும். போலீஸ் ஜீப் வரும். நமக்கும் தனியுரிமை ஞாபகம் வரும்.

வரட்டும். 2017இல் உச்ச நீதிமன்றமே அதை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு நூற்றுக்கணக்கான பக்கம். பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். 'போர்வை போர்த்தியவர்கள் நீங்கலாக' என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.