பசுமைக்கு வழி கரண்ட் பில்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மரவள்ளிக்கிழங்கு லாரி லாரியாக இறங்குகிறது. கீழே அதை ஜவ்வரிசியாக்கும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் காத்திருக்கின்றன. பெரும்பாலும் அப்பா, பிள்ளை, மாமன், மச்சான் நடத்துபவை. ஜவ்வரிசியை விற்றுத்தர 1981இல் சேகோசர்வ் கூட்டுறவும் வந்தது.

கிழங்கு கழுவிய தண்ணீர் புளித்து நாறும். தாத்தா காலத்தில் அது ஓடைக்குப் போனது. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. அப்பா காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் வந்தது. கோப்பில் பத்திரமாக இருந்தது. அந்த நாற்றத்தை மூடிவைத்தால் மீத்தேன் கிடைக்கும், எரித்தால் கரண்ட் பில் குறையும் என்று தெரிந்த பிறகுதான் பல ஆலைக்காரர்களுக்கு இயற்கை மேல் அப்படியொரு பாசம்! குறை சொல்வதற்கில்லை. வாரியத்தின் கடிதத்தைவிடக் கணக்குப்பிள்ளையின் பேச்சு எடுபடும் குடும்பங்கள் இவை.

மலைமேல் கதை வேறு. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று வகைவகையாய் விதைத்துத் தொம்பை என்னும் குதிரில் சேர்த்துவைத்தவர்கள் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். கிழங்குக்குக் காசு கிடைத்ததும் சாமை ஒதுங்கியது. காசு மட்டும் காரணமல்ல. சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. பல்லுயிர்க் கருத்தரங்குகளுக்கு இது உறைக்க நாளாயிற்று. 1990களில் மலைக்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் உமி நீக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்தது.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கியது. இப்போது நகரத்துக் கடைகளில் சாமைக்குத் தனி அலமாரி. ‘இயற்கையோடு இணைவோம்’ என்று அச்சிட்ட பளபளப்பான பிளாஸ்டிக் பையில்.